சிவில் வழக்கை ராஜியாக முடிப்பது எப்படி: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

பேசி முடித்தாயிற்று. ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து, அண்ணன் கொஞ்சம் இறங்கி, தங்கை கொஞ்சம் இறங்கி, கடைசியில் காபியும் குடித்தாயிற்று. இனி கோர்ட்டில் ஒரு மெமோ போட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்போடுதான், ராஜிக்கு, அதாவது சமாதானமாக வழக்கை முடிக்க, பெரும்பாலானவர்கள் வக்கீல் ஆபீசுக்கு வருகிறார்கள். நான் வக்கீல் குமாஸ்தா. ராஜி மனு டைப் அடிப்பது, கையெழுத்து வாங்குவது, பெஞ்ச் கிளார்க்கிடம் கொடுப்பது, நகலுக்கு அலைவது எல்லாம் என் தலையில்தான் விழும். திண்ணையில் தீர்ந்த சண்டை ராஜி மனுவில் எழுதிய ஒரு வரியால் மறுபடி முளைத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இது தமிழ்நாட்டு முன்சீப் கோர்ட், சப் கோர்ட், மாவட்ட கோர்ட்டுகளில் நடக்கும் சொத்து, பாகப்பிரிவினை, பணம், ஒப்பந்த வழக்குகளுக்கானது. விவாகரத்து தனிக் கதை, அதை இங்கே தொடவில்லை. உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீல் சொல்வதே கணக்கு. அவரிடம் போகும்முன் எதைக் கேட்க வேண்டும், எதை எடுத்துப் போக வேண்டும் என்று தெரிந்திருக்கத்தான் இது.

1. எந்த வழியாக வெளியே வருவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வழக்கை முடிக்க மூன்று வழி இருக்கிறது. மூன்றும் ஒன்று என்று நினைப்பதுதான் முதல் தடுமாற்றம்.

முதல் வழி வாபஸ். வாதி, "வழக்கை வலியுறுத்தவில்லை" என்று மெமோ போடுவார், கோர்ட் தள்ளுபடி செய்யும். பேசிய நிபந்தனை எதுவும் கோர்ட் பதிவில் ஏறாது. புதிதாக வழக்குப் போட அனுமதி வாங்காமல் வாபஸ் பெற்றால், அதே விஷயத்துக்கு அதே ஆள் மேல் மறுபடி வழக்குப் போட முடியாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 23 விதி 1 சொல்கிறது. ஒருவர் இப்படித்தான், எதிராளி ஆறு மாதத்தில் பணம் தருவதாகச் சொன்ன வாக்கை நம்பி வாபஸ் மெமோவில் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதம் கழித்து எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றபோது அவர் கையில் வழக்கும் இல்லை, பணமும் இல்லை. பணமோ சொத்தோ முழுதாகக் கைக்கு வந்து, இனி யாரும் யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற நிலை இருந்தால் மட்டும் வாபஸ் போதும்.

இரண்டாவது வழி ராஜி டிக்ரி, அதாவது சமாதானப்படி கோர்ட் கொடுக்கும் முடிவான உத்தரவு. வக்கீல்கள் வாயில் ஆர்டர் 23 ரூல் 3. நிபந்தனைகளை எழுதி, தரப்பினர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அது சட்டப்படியானது என்று திருப்தி அடைந்தபின் கோர்ட் அதைப் பதிவு செய்து அதன்படியே டிக்ரி கொடுக்கும். எதிராளி சொன்னபடி செய்யாவிட்டால் புது வழக்கு வேண்டாம், நேராக நிறைவேற்று மனு போடலாம். எதிர்காலத்தில் செய்ய வேண்டிய காரியம் ஒன்றாவது பாக்கி இருந்தால் இந்த வழிதான்.

மூன்றாவது மக்கள் நீதிமன்றம். நடப்பு வழக்கையே அங்கே அனுப்பச் சொல்லி மனு கொடுத்து, அங்கே கையெழுத்திட்டு முடிப்பது. 1987ஆம் வருடத்துச் சட்ட உதவி ஆணையங்கள் சட்டத்தின் பிரிவு 21படி, அங்கே வரும் தீர்வு சிவில் கோர்ட் டிக்ரி மாதிரியே செல்லும், அப்பீல் கிடையாது. நிபந்தனைகள் சுலபமாக இருந்து, எல்லோரும் ஒரே நாளில் வந்து நிற்க முடியும் என்றால் நல்ல வழி. பணத் தகராறுகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நான்கு சர்வே எண், மூன்று பங்கு, ஒரு பொதுக் கிணறு என்று இருந்தால், அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து அவசரமாக எழுத வேண்டாம். வீட்டிலேயே நிதானமாக எழுதி முடித்துவிட்டு எடுத்துப் போங்கள்.

இன்னொன்றையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சம்மதத்தின் பேரில் வந்த டிக்ரிக்கு அப்பீல் இல்லை, உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 96(3). அந்த ராஜி சட்டப்படியானதல்ல என்று தனி வழக்குப் போடவும் தடை, கட்டளை 23 விதி 3ஏ. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்றால்கூட, பொதுவாக டிக்ரி கொடுத்த அதே கோர்ட்டில் மனு போட்டுத்தான் நிரூபிக்க வேண்டும். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று அங்கே போய்ச் சொல்வது எவ்வளவு எடுபடும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அதனால்தான் கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் கையெழுத்துக்கு முந்தியவை.

2. யார் யார் என்று பட்டியல் போடுங்கள்

பிராதில் (வாதி போட்ட வழக்கு மனுவில்) உள்ள பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொருவர் பக்கத்திலும் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா, மைனரா, வெளியூரா, எக்ஸ்பார்ட்டியா (கோர்ட்டுக்கு வராமல் விட்டவரா) என்று குறியுங்கள். இந்த வேலைக்கு அரை மணி நேரம் ஆகாது. இதைச் செய்யாததால் வாய்தா மேல் வாய்தா வாங்கியவர்கள் நிறையப் பேர்.

யாராவது இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளை முதலில் வழக்கில் சேர்க்க வேண்டும். இறந்த 90 நாளுக்குள் மனு போட வேண்டும். அது தவறினால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போய்விடும், அதை நீக்கக் கேட்டு இன்னொரு மனு, அதற்கு இன்னும் 60 நாள். அதையும் தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மூன்றாவது மனு. "அண்ணன்தான் போய்ட்டாரே, மிச்சம் இருக்கிற நாங்க போட்டாப் போதாதா" என்று கேட்பார்கள். போதாது. அண்ணனின் பங்கு அண்ணியிடமும் பிள்ளைகளிடமும் இருக்கிறது, அவர்கள் கையெழுத்து இல்லாத ராஜி அவர்களைக் கட்டாது.

மைனர் இருந்தால், அவர் சார்பில் ராஜிக்குப் போக கார்டியன் கோர்ட்டின் அனுமதி வாங்க வேண்டும். கட்டளை 32 விதி 7. கார்டியனின் பிரமாணப் பத்திரத்தோடு, இந்த ராஜி மைனரின் நன்மைக்கானது என்று வக்கீலின் சான்றும் வைக்க வேண்டும். இந்த மனு ராஜி மனுவுக்கு முன்னால் போக வேண்டும், பின்னால் அல்ல. அனுமதி இல்லாமல் முடித்தால், மைனர் நாளைக்கு மேஜராகி அதைச் செல்லாததாக்கலாம். மற்ற யாருக்கும் அந்த உரிமை கிடையாது, ஆகவே கத்தி ஒரு பக்கம் மட்டும்தான் வெட்டும்.

வெளிநாட்டில் இருப்பவருக்குப் பவர் பத்திரம் வேண்டும். அதில் வழக்கை நடத்த என்று மட்டும் இருந்தால் பற்றாது, ராஜி செய்துகொள்ளவும் அதிகாரம் உண்டு என்ற வாசகம் இருக்க வேண்டும். அங்கே எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். தம்பி துபாயிலிருந்து பவர் அனுப்பி அது பீரோவில் ஐந்து மாதம் தூங்கியதால், எல்லோரும் கூடிய நாளில் ஒன்றும் நடக்காமல் கலைந்த கதை உண்டு.

பெண்பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகளுக்கும் பங்கு தரும் தமிழ்நாட்டின் 1989ஆம் வருடத்துத் திருத்தமும், நாடு முழுமைக்குமான 2005 திருத்தமும் வந்து இத்தனை வருடம் ஆகியும், "அக்காவுக்குக் கல்யாணத்திலேயே செய்தாச்சு" என்று சொல்லிக்கொண்டு ஆண்கள் மட்டும் ராஜிக்கு வருகிறார்கள். அக்கா வழக்கிலேயே இல்லை என்றால், பிராதில் சேர்த்துவிட்டுப் பேசுங்கள். அவர் எதுவும் வேண்டாம் என்று சொன்னாலும் அதை அவரே கையெழுத்தோடு சொல்ல வேண்டும்.

ஒரே ஒருவர் மட்டும் ஒத்துவரவில்லை என்றால்? மற்றவர்களுக்குள் உள்ள விஷயத்தைப் பிரிக்க முடியுமானால் அந்த அளவுக்கு ராஜி பதிவு செய்து, மிச்சத்தை நடத்தலாம். பாகப்பிரிவினையில் இது சுலபமில்லை. அங்கே எல்லோரும் வாதி மாதிரிதான், ஒருவர் வாபஸ் வாங்கினால் பிரதிவாதி தன்னை வாதியாக மாற்றக் கேட்டு வழக்கைத் தொடரவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

3. மேசையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பிராது, எதிர்வுரை (பிரதிவாதியின் பதில்), இதுவரை வந்த இடைக்கால உத்தரவுகள். ஒவ்வொரு சொத்துக்கும் மூலப்பத்திரம், இன்றைய தேதி வரையிலான வில்லங்கச் சான்றிதழ், பட்டா, புல வரைபடம். எல்லோருடைய ஆதார் நகல்.

வில்லங்கத்தைப் புதிதாக எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வழக்குப் போட்டபோது எடுத்த வில்லங்கம் ஐந்து வருடம் பழையதாக இருக்கும். இடையில் பிரதிவாதி ஒருவர் தன் பங்கு என்று ஒரு மூலையை விற்றிருப்பார், அல்லது பேங்கில் அடமானம் வைத்திருப்பார். வழக்கு நடக்கும்போது வாங்கியவர் டிக்ரிக்குக் கட்டுப்பட்டவர்தான், ஆனால் அவர் அங்கே வேலி போட்டு உட்கார்ந்திருந்தால் டிக்ரியைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள்தான் அலைவீர்கள். அவரையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

பிராதின் சொத்து விவரத்தைப் பட்டாவோடு ஒப்பிடுங்கள். பழைய சர்வே எண், புது உட்பிரிவு எண், ஏக்கர், ஹெக்டேர் எல்லாம் குழம்பிக் கிடக்கும். பிராதிலேயே தப்பு இருந்தால் முதலில் பிராதைத் திருத்த மனு போடுங்கள். தப்பான விவரத்தின் மேல் ராஜி எழுதினால் தப்பான டிக்ரிதான் வரும்.

4. நிபந்தனைகளை எழுதுவது

நிதானம் வேண்டியது இங்கேதான். திண்ணையில் பேசும்போது எல்லோருக்கும் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். டிக்ரியைப் பிற்பாடு நிறைவேற்றப் போகிறவர் கோர்ட் ஊழியரான அமீனா. அவருக்கு உங்கள் குடும்பம் தெரியாது, தென்னமரத்துக் கிழக்கே என்று பேசியது தெரியாது. அவர் இந்தக் காகிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றால் என்ன செய்வார் என்று யோசித்து எழுதுங்கள்.

பாகப்பிரிவினையில் ரொம்பப் பேர் விழும் குழி ஒன்று: "மூவருக்கும் தலா மூன்றில் ஒரு பங்கு என ஒப்புக்கொள்கிறோம்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்குக் கிடைப்பது முதனிலை டிக்ரி மட்டும். பிறகு இறுதி டிக்ரிக்கு மனு போட்டு, கமிஷனர் வந்து அளந்து, அவர் அறிக்கைக்கு ஆட்சேபணை போட்டு, இன்னும் சில வருடம். வழக்கு முடிந்தது என்று இனிப்புக் கொடுத்தவர்கள், பிறகுதான் பாதி தூரம் வந்திருப்பது தெரிந்து உட்கார்ந்துவிடுவார்கள். எனவே யாருக்கு எந்தத் துண்டு என்பதை இப்போதே பிரித்து, அ, ஆ, இ என்று தனித்தனி அட்டவணை போட்டு, ஒவ்வொன்றுக்கும் சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை, நீள அகலம் எழுதுங்கள். சர்வேயரை வைத்து அளந்து வரைபடம் போட்டு, அதில் எல்லோரும் கையெழுத்திட்டு, வரைபடம் இந்த ராஜியின் ஒரு பகுதி என்று ஒரு வரி எழுதுங்கள். அப்போது இறுதி டிக்ரியையே நேராகக் கேட்கலாம்.

அடுத்து நிலத்தோடு ஒட்டிய விஷயங்கள். கிணறு யாருடையது, பங்கு உண்டா, முறை எப்படி, மோட்டார் சர்வீஸ் யார் பெயரில், கரண்ட் பில் யார் கட்டுவது, பின்பக்கத் துண்டுக்கு வண்டி போகப் பாதை எவ்வளவு அகலம், எந்த எல்லை ஓரமாக. ஒரு வழக்கில் மூன்று ஏக்கரை அழகாகப் பிரித்தார்கள், உள்ளே இருக்கும் துண்டுக்குப் பாதை எழுத மறந்தார்கள். "அண்ணன் நிலத்து வழியாப் போனா அண்ணன் என்ன சொல்லப் போறார்" என்றார் தம்பி. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லைதான். இரண்டு வருடத்தில் அவர் நிலத்தை விற்றார், வாங்கியவர் கம்பி வேலி போட்டார்.

பணம் என்றால் தொகை, தேதி, எந்த வழியில், எந்தக் கணக்குக்கு, தவறினால் என்ன என்ற ஐந்தும் வேண்டும். தவணையாக என்றால், ஒரு தவணை தவறினாலும் மீதி மொத்தமும் உடனே வசூலிக்கலாம் என்று எழுதுங்கள், வட்டி வீதமும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தவணைக்கும் காத்திருந்து ஒவ்வொரு மனு போட வேண்டிவரும்.

வினைச்சொல்லைக் கவனியுங்கள். "பிரதிவாதி வீட்டைக் காலி செய்ய முயற்சி எடுப்பார்" என்று எழுதினால் அதை வைத்து எந்த அமீனாவும் கதவைத் தட்ட முடியாது. "இன்ன தேதிக்குள் காலி செய்து வாதியிடம் சுவாதீனம் ஒப்படைக்க வேண்டும், தவறினால் வாதி இந்த டிக்ரியை நிறைவேற்றிச் சுவாதீனம் எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதுங்கள். பார்க்கக் கொஞ்சம் கறாராகத்தான் இருக்கும், சொந்தக்காரர்களுக்குள் இப்படி எழுதக் கூச்சமாகவும் இருக்கும். பரவாயில்லை, எழுதுங்கள்.

எழுதக் கூடாதவையும் உண்டு. செல்லாத ஒப்பந்தத்தை ராஜி ஆக்க முடியாது. புறம்போக்கை இருவரும் பிரித்துக்கொள்வது, கோயில் சொத்தைப் பங்கு போடுவது, பணம் வாங்கிக்கொண்டு கிரிமினல் கேஸில் சாட்சி சொல்லாமல் இருப்பது போன்றவற்றை எழுதினால், நீதிபதி பதிவு செய்ய மறுப்பார். மறுக்காமல் விட்டாலும் நாளைக்கு நிற்காது.

5. பதிவு, முத்திரைத்தாள் கேள்வியை இப்போதே கேளுங்கள்

டிக்ரி வாங்கிய பிறகு சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் போய் இந்தக் கேள்வியைக் கேட்டால் காலம் கடந்திருக்கும்.

பதிவுச் சட்டம் பிரிவு 17(2)(vi) சொல்வது: கோர்ட் டிக்ரிக்குப் பதிவு கட்டாயமில்லை, ஆனால் ராஜி டிக்ரியில் வழக்குச் சொத்து அல்லாத வேறு அசையாச் சொத்து வந்தால் பதிவு வேண்டும். அதாவது வழக்கில் மூன்று சொத்து இருக்க, ராஜியில் நான்காவதாக டவுன் வீட்டையும் சேர்த்து முடித்தால் அந்த வீட்டுக்குப் பதிவு தேவை. வழக்குக்கு வெளியே உள்ள சொத்தை ராஜியில் சேர்க்கவே கூடாது என்று சிலர் சொல்வது சரியில்லை. தரப்பினர் சம்பந்தப்பட்ட அளவில் சேர்க்கலாம், பதிவு மட்டும் வேண்டும். அது உண்மையிலேயே அதே குடும்பச் சொத்து என்றால், பிராதைத் திருத்தி முதலில் வழக்குச் சொத்தாகவே கொண்டுவந்துவிடுவது சுத்தமான வழி.

இன்னொரு கோடு: ஏற்கெனவே உள்ள உரிமையை ஒப்புக்கொள்வது வேறு, டிக்ரி மூலமாகவே புதிதாக உரிமையை உண்டாக்குவது வேறு. இரண்டாவதற்குப் பதிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் பூப் சிங் வழக்கில் சொன்னது. குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு ராஜி என்ற பெயரில் நிலத்தை மாற்றிக்கொடுத்து, கிரையப் பத்திரச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

பாகப்பிரிவினையின் இறுதி டிக்ரி முத்திரைச் சட்டப்படி ஒரு பாகப்பிரிவினைப் பத்திரமாகவே பார்க்கப்படுகிறது, எனவே முத்திரைத்தாளில் எழுதப்பட வேண்டும். தாள் வாங்கிக் கொடுக்காமல் விட்டால் டிக்ரி முழுமையாகாது. இந்தச் செலவை யார் தருவது என்பதையும் நிபந்தனையில் சேர்த்துவிடுங்கள், அதற்கும் சண்டை போட்டவர்கள் உண்டு.

6. பணம் முதலிலா, கையெழுத்து முதலிலா

இரண்டு பக்கமும் பயம். கொடுப்பவருக்குக் கையெழுத்துப் போடாமல் ஓடிவிடுவாரோ என்று, வாங்குபவருக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிடுவாரோ என்று.

நாங்கள் வழக்கமாகச் செய்வது இதுதான். டிடி எடுத்து, அதன் எண்ணையும் தேதியையும் ராஜி மனுவிலேயே எழுதி, நீதிபதி முன்னால் ராஜி பதிவாகும்போது கையில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதாகக் குறிப்பு வாங்குவது. தொகை பெரிதாக இருந்து பிறகுதான் வரும் என்றால், மேலே சொன்ன தவறினால் என்ற வரி உங்களைக் காப்பாற்றும்.

ரொக்கம் வேண்டாம். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டத்தில் வாங்கியவர் மேல் அதே அளவுக்குத் தண்டம் இருக்கிறது. "வெளியில் பேசிக்கொண்டபடி" என்ற சொல்லும் வேண்டாம். மனுவில் ஐந்து லட்சம், கைக்கு எட்டு லட்சம் என்று பேசி, அந்த மூன்று லட்சம் வராமல் போனால் எந்த கோர்ட்டிலும் கேட்க முடியாது. மனுவில் உள்ளது மட்டும்தான் ராஜி.

7. மனுவை அடித்துக் கையெழுத்து வாங்குவது

தலைப்பில் கோர்ட் பெயர், அசல் வழக்கு எண், எல்லாத் தரப்பினரின் பெயர். பிறகு எண்ணிட்ட நிபந்தனைகள், அட்டவணைகள், வரைபடம். கடைசியில் கேட்கும் பரிகாரம்: இந்த ராஜியைப் பதிவு செய்து இதன்படி டிக்ரி வழங்க வேண்டும், கட்டிய கோர்ட் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், வழக்குச் செலவு அவரவருக்கு.

ஒவ்வொரு பக்கத்திலும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், கடைசிப் பக்கத்தில் மட்டும் போட்டால் நடுப்பக்கம் மாறிவிட்டது என்ற பேச்சு பிற்பாடு வரும். அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் எல்லோருடைய சுருக்கொப்பமும் வேண்டும். கைநாட்டு வைப்பவருக்கு, படித்துக்காட்டிப் புரிந்துகொண்டபின் வைத்தார் என்று எழுதி, படித்துக்காட்டியவர் கையெழுத்திட வேண்டும்.

கட்சிக்காரருக்காக வக்கீல் கையெழுத்திடலாமா? இடலாம் என்று 1991லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் என் அனுபவத்தில் ஆளே போடுவதுதான் நல்லது. வக்கீல் என்னைக் கேட்காமல் போட்டுவிட்டார் என்ற புகாருக்கு இடமே வைக்கக் கூடாது. இரு தரப்பு வக்கீல்களும் கூடவே கையெழுத்திடுவார்கள்.

கையெழுத்துப் போடும் முன் மனுவை ஓர் இரவு வீட்டுக்கு எடுத்துப் போங்கள். வழக்கில் சம்பந்தமில்லாத, கொஞ்சம் விவரமான ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவருக்குப் புரியாத வரி அமீனாவுக்கும் புரியாது.

8. கோர்ட்டில் அந்த நாள்

அடுத்த வாய்தா தேதி தூரத்தில் இருந்தால், வழக்கை முன்கூட்டி எடுக்கச் சொல்லி மனு போடலாம். அன்றைக்கு எல்லோரும் அசல் அடையாள அட்டையோடு காலையிலேயே வந்துவிட வேண்டும். "நான் கையெழுத்துப் போட்டாச்சே, எதுக்கு வரணும்" என்று ஒருவர் வராமல் போய்த்தான் பாதி ராஜிகள் அடுத்த தேதிக்குப் போகின்றன. நேரில் வரவே முடியாதவரைக் காணொலியில் கேட்கவும் வழி உண்டு, ஆனால் முன்னாலேயே அனுமதி கேட்டிருக்க வேண்டும்.

நீதிபதி பெயர் கேட்பார், இது உங்கள் கையெழுத்தா, படித்தீர்களா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்பார். சுருக்கமாக, உண்மையாகப் பதில் சொன்னால் போதும். சந்தேகம் இருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள், அதுதான் கடைசி வாய்ப்பு. ஒரு அம்மா கூண்டில் ஏறி, "மகன் சொன்னான், போட்டேன்" என்றார். நீதிபதி மனுவை அப்படியே திருப்பிக் கொடுத்து, அவருக்குப் படித்துக்காட்டிவிட்டு வாருங்கள் என்றார். மகனுக்குக் கோபம். எனக்கு அந்த நீதிபதி மேல் மரியாதை கூடியது.

9. டிக்ரி நகல் கைக்கு வரும்வரை வேலை முடியவில்லை

தீர்ப்புச் சொன்ன 15 நாளுக்குள் டிக்ரி தயாராக வேண்டும் என்பது விதி. நடப்பில் கூடுதலாக ஆகும், குறிப்பாக வரைபடமும் முத்திரைத்தாளும் இருந்தால். அன்றைக்கே நகல் மனு போட்டுவிடுங்கள், ஆளுக்கொரு சான்றிட்ட நகல் என்று கேளுங்கள். ஒரே நகலை வாங்கி அண்ணன் வீட்டில் வைத்தால், அடுத்த தீபாவளிக்குள் அது தொலைந்துபோகும்.

நகல் வந்தவுடன் ராஜி மனுவோடு வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சர்வே எண்ணில் 3 என்பது 8 ஆகியிருக்கும், மேற்கு கிழக்காகியிருக்கும். கோர்ட்டில் டைப் செய்தபோது வந்த பிழை என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 152 கீழ் மனு போட்டுத் திருத்தலாம். ராஜி மனுவிலேயே பிழை என்றால் கஷ்டம், எதிராளியும் கூட வர வேண்டியிருக்கும். எல்லோரும் சுமுகமாக இருக்கும் முதல் மாதத்திலேயே இதைச் செய்துவிடுங்கள்.

கோர்ட் கட்டணம். தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் பிரிவு 69ஏ கீழ் திருப்பித் தர வழி இருக்கிறது. கோர்ட் அனுப்பிச் சமரச மையத்தில் முடித்தால்தான் கிடைக்கும், தாங்களே பேசி முடித்தால் கிடைக்காது என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளியில் தாங்களாகவே பேசி முடித்தவர்களுக்கும் உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. மக்கள் நீதிமன்றத்தில் முடித்தாலும் திரும்பும். 2017க்குப் பிறகு பண வழக்குக்குக் கட்டணம் 3 சதவீதம், ஆகவே 10 லட்ச ரூபாய் வழக்கென்றால் 30,000 ரூபாய். கேட்காதவருக்கு யாரும் தேடிவந்து கொடுக்க மாட்டார்கள். பாகப்பிரிவினையில் கூட்டு அனுபவம் என்று சொல்லி நிலைக்கட்டணம் (சொத்து மதிப்பைப் பார்க்காத குறிப்பிட்ட தொகை) கட்டியிருந்தால் திரும்பி வருவது சொற்பம்தான்.

கோர்ட்டில் தாக்கல் செய்த அசல் பத்திரங்களைத் திரும்ப வாங்க மனு போடுங்கள். டெபாசிட் செய்த பணம் இருந்தால் அதை யார் எடுப்பது என்று ராஜியில் எழுதியிருக்க வேண்டும், எழுதியிருந்தால் செக் மனு போட்டு எடுக்கலாம்.

10. கூடவே ஓடும் மற்ற கேஸ்கள், பட்டா

சிவில் ராஜி ஆனவுடன் போலீஸ் கேஸ் தானாகச் செத்துவிடாது. சில குற்றங்களைப் பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சமாதானமாக முடிக்கலாம், சிலவற்றைக் கோர்ட் அனுமதியோடு முடிக்கலாம், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 320, இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 359. செக் பவுன்ஸ் கேஸும் சமாதானமாகலாம். அந்தப் பட்டியலில் இல்லாதவற்றுக்கு உயர் நீதிமன்றம் போக வேண்டும். எந்தெந்த கேஸ் எந்தெந்த எண்ணில் எங்கே இருக்கிறது என்று எழுதி, அவற்றை முடிக்க ஒத்துழைப்பார்கள் என்று ராஜியில் ஒரு வரி சேர்ப்பது நல்லது. அப்பீல், ரிட் ஏதாவது நிலுவையில் இருந்தால் அதற்கும் தனியாக மெமோ.

டிக்ரி நகலை வைத்துத் தாலுகா ஆபீசில் உட்பிரிவுக்கும் பட்டா மாறுதலுக்கும் மனுக் கொடுங்கள். தடை உத்தரவு நகலைச் சப் ரிஜிஸ்ட்ராரிடமோ வி.ஏ.ஓ.விடமோ கொடுத்திருந்தால், வழக்கு முடிந்த டிக்ரியையும் அங்கே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இல்லாவிட்டால் நான்கு வருடம் கழித்து விற்கப் போகும்போது, "இந்தச் சொத்தில் கேஸ் இருக்கு" என்று பழைய காகிதத்தை எடுத்துக் காட்டுவார்கள்.

11. சொன்னபடி செய்யாவிட்டால்

நிறைவேற்று மனு, எல்லோர் வாயிலும் இ.பி. பொதுவாக 12 வருடத்துக்குள் போடலாம். இதைச் செய் என்று கட்டளையிடும் செயலுறுத்துக் கட்டளைக்கு மட்டும் 3 வருடம், அதாவது சுவரை இடித்துத் தர வேண்டும் என்பது மாதிரி நிபந்தனை இருந்தால் சொந்தக்காரர்தானே என்று இழுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஏற்கெனவே டிக்ரி ஆகி, இ.பி. கட்டத்தில் சமாதானம் பேசுகிறீர்கள் என்றால் கணக்கே வேறு. அங்கே கட்டளை 23 செல்லாது, கட்டளை 21 விதி 2 வரும். டிக்ரிப் பணத்தை வெளியில் கொடுத்தால், அதைக் கோர்ட்டில் பதிவு செய்ய வேண்டும். கொடுத்தவர் மனு போட 30 நாள்தான் கெடு. பதிவாகாத பணத்தை நிறைவேற்றும் கோர்ட் கணக்கில் எடுக்காது. ரசீது கையில் இருக்கிறது, சாட்சி இருக்கிறது என்று ஒருவர் ஒரு வருடம் கழித்து அமீனா வந்தபோது சொன்னார், பணத்தை இரண்டாம் முறை கட்டினார். பணம் கொடுத்த அன்றைக்கே, வாங்கியவரைக் கையோடு வக்கீல் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய், முழுத் திருப்தி என்று மெமோ எழுதி வாங்கி, அடுத்த வேலை நாளில் தாக்கல் செய்துவிடுங்கள்.